பிக்கப் வண்டியில் கூடுதல் டீசல் டேங்க்: மூக்கையூர்–கொல்லம் மீன் லோடுக்குத் தேவைதானா?

மூக்கையூர் லோடு:

அனைவருக்கும் வணக்கம். சாயல்குடிக்குத் தெற்கே மூக்கையூரில் மீன் ஏற்றி, அருப்புக்கோட்டை, இராசபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லத்தில் கொண்டுபோய் இறக்குவது எங்கள் தொழில். வண்டி பி.எஸ்.6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ற) டீசல் பிக்கப். கம்பெனி கொடுத்த டேங்க் 60 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். போக வர ஏறக்குறைய 600 கிலோமீட்டர் ஆகிறது. மீனும் ஐஸுமாக முழு லோடு ஏற்றிக் கணவாய் ஏறும்போது லிட்டருக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் கிடைப்பதில்லை என்பதால், திரும்பி வரும் வழியிலேயே முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. கேரளத்தில் நிரப்பலாம் என்றால் அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாக இருக்கிறது.

இதோடு இன்னொரு தேவையும் சேர்ந்துகொண்டது. என் மைத்துனரிடம் டீசல் எஞ்சின் பொருத்திய வல்லம் (நாட்டுப்படகு) ஒன்று உள்ளது. அதற்கு வேண்டிய டீசலை அவர் கேன்களில் வாங்கி, மணலில் சுமந்துகொண்டுபோய் ஊற்றுகிறார். கேபினுக்குப் பின்னால், பாடியின் முன்பக்கச் சுவரை ஒட்டி 100 லிட்டர் டேங்க் ஒன்றை வைத்துவிட்டால், வண்டிக்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், கரையில் நிறுத்தி வல்லத்துக்கும் இறைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் பழைய எண்ணெய் டிரம் ஒன்றை வெட்டிக் குழாய் வைத்துக் குறைந்த செலவில் செய்து தருவதாகச் சொல்கிறார்கள்.

டேங்கை இரும்பில் செய்வதா, அலுமினியத்திலா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலா? மேலிருந்து கீழ் டேங்குக்கு டீசல் தானாக இறங்கும்படி குழாய் விட்டால் போதுமா, பம்ப் வைக்க வேண்டுமா? எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போனால் பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், ஏதும் ஆட்சேபிப்பாரா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பரமக்குடி பட்டறை:

தம்பி, முதலில் அந்த டிரம்மை மறந்துவிடுங்கள். எண்ணெய் இருந்த டிரம்மின் மேல் கட்டிங் டார்ச் படவே கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டோம் என்பார்கள். தகட்டின் மடிப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய் அந்தக் கழுவலில் போகாது. சூடு பட்டதும் அது ஆவியாகி உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து நிற்கும்போது அடுத்த பொறியில் டிரம் வெடிக்கும். பட்டறைத் தொழிலில் உயிர்ப்பலி வாங்கும் வேலைகளில் இது முதல் வரிசையில் இருக்கிறது. அப்படியே ஆபத்தில்லாமல் செய்து முடித்தாலும் டிரம்முக்குள் தடுப்புத் தகடு கிடையாது. பாதி நிரம்பிய டேங்கில் ஐம்பது லிட்டர் டீசல் ஒரே மொத்தையாகப் புரளும்; ஆரியங்காவு கணவாய் வளைவுகளில் வண்டி சாயும் பக்கமே அதுவும் ஓடிப்போய் மோதும். சரியாகச் செய்த டேங்கில் முப்பது, நாற்பது சென்டிமீட்டருக்கு ஒன்றாக, கீழேயும் மேலேயும் துளை விட்ட தடுப்புகள் குறுக்கே இருக்கும்.

தானாக இறங்கும்படி விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது என்பதே என் கருத்து. மேல் டேங்குக்கும் கீழ் டேங்குக்கும் இடையில் எப்போதும் திறந்திருக்கும் குழாய் ஒன்று இருந்தால், கீழ் டேங்க் ஓயாமல் விளிம்பு வரை நிறைந்தே நிற்கும். அதன் மூடியும் காற்றுக் குழாயும் தலைக்கு மேல் டீசல் நின்று அழுத்துவதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வண்டி சரிவில் நின்றால் மூடி வழியாகக் கசியும். வழியில் ஒரு கிளாம்ப் தளர்ந்தாலோ ஹோஸ் வெடித்தாலோ மேலே இருக்கும் அத்தனையும் ரோட்டில் இறங்கிவிடும். 12 வோல்ட் பம்ப் ஒன்று, அதன் முன்னால் கையால் மூடும் வால்வு ஒன்று, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச், அதோடு தானே நின்றுவிடும் டைமர் ரிலே, இவ்வளவும் இருந்தால்தான் அதை வேலை என்று சொல்வேன். டைமர் இல்லாவிட்டால் ஓட்டுநர் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடிக்க இறங்கிவிடுவார், டீசல் வழிந்துகொண்டிருக்கும்.

டீசல் போய்ச் சேரும் இடம் பழைய டேங்கின் நிரப்பும் கழுத்து ஹோஸாக இருக்க வேண்டும். எஞ்சினுக்குப் போகும் லைனையும் எஞ்சினிலிருந்து திரும்பி வரும் லைனையும் தொடக்கூடாது. காமன் ரயில் எஞ்சின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து அழுத்தத்தில் டீசல் கொடுப்பது) தான் இழுக்கும் டீசலை எல்லாம் எரித்துவிடுவதில்லை. கணிசமான பங்கைச் சூடாக்கித் திருப்பி அனுப்புகிறது. பழைய வண்டிகளில் போட்டது போல இரு டேங்குக்கும் நடுவில் திருப்பும் வால்வு வைத்து, இழுப்பது ஒரு டேங்கிலும் திரும்புவது மற்றொன்றிலுமாக அமைந்துவிட்டால், ஒன்று வறண்டுபோக மற்றொன்று வழியத் தொடங்கும். இழுக்கும் லைனும் திரும்பும் லைனும் ஒரே நேரத்தில் மாறும் ஆறு வாய் வால்வு உண்டு. உங்கள் தேவைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

எதில் செய்வது என்பதில் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். துருப்பிடிக்காது என்று நம்பி ஜி.ஐ. தகட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில், மட்டும் செய்துவிடாதீர்கள். துத்தநாகப் பூச்சு டீசலில் இருக்கும் அமிலங்களோடு சேர்ந்து சோப்பு போன்ற வழவழப்பான பொருளாக மாறி, ஃபில்டரை அடைத்து, இன்ஜெக்டர் வரை போய்ப் படியும். செம்புக் குழாயும் வேண்டாம். செம்பு பட்ட டீசல் சீக்கிரம் கெடும். டேங்கை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நிரப்பாதீர்கள். நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் குளிர்ந்த டீசல் வெயிலில் 20 டிகிரி சூடேறினால் 100 லிட்டருக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் விரியும், அந்த இடம் டேங்கிற்குள் இருந்தாக வேண்டும். பாடிக்குக் கீழே தொங்கவிடும் யோசனை வந்தால் புகைக்குழாய் இருக்கும் பக்கத்தை விட்டு விலகியே நில்லுங்கள். பி.எஸ்.6 வண்டியின் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் அதன் உள்சூடு 600 டிகிரியைத் தொடும்.

கணவாய் வழி:

பட்டறை அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்த டேங்க் வண்டிக்கு எதற்கு என்பதே எனக்கு விளங்கவில்லை. நானும் அதே வழியில் கொல்லத்துக்கும் நீண்டகரைக்கும் லோடு அடிப்பவன். போகும்போது செங்கோட்டையிலோ புளியரைக்கு முன்னாலோ டேங்கை நிரப்பிக்கொண்டு கணவாய் ஏறினால், கொல்லம் போய்த் திரும்பவும் செங்கோட்டை வந்து சேர 200 கிலோமீட்டர்கூட ஆகாது. நீங்கள் சொல்லும் கணக்கின்படியே 20 லிட்டருக்குள் முடிந்துவிடும். கேரளத்து பங்கில் நிற்க வேண்டிய அவசியமே வராது.

ரூபாய்க் கணக்கும் இதையேதான் சொல்கிறது. அங்கே 20 லிட்டர் நிரப்புவதாகவே வைத்துக்கொண்டு, லிட்டருக்கு 4 ரூபாய் வித்தியாசம் என்று தாராளமாகப் போட்டாலும் ஒரு நடைக்கு 80 ரூபாய். டேங்க், பம்ப், வயரிங், கூலி என்று போகும் பணத்தை 80 ரூபாயாகத் திரும்ப எடுக்க எத்தனை நடை ஆகும்? எடையையும் மறக்காதீர்கள். 100 லிட்டர் டீசல் 83, 84 கிலோ இருக்கும். டேங்கையும் சட்டத்தையும் சேர்த்தால் 110 கிலோவைத் தொடும். அந்த எடைக்கு ஒவ்வொரு நடையிலும் மூன்று பெட்டி மீனைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

சர்வேயர், இராமநாதபுரம்:

வாகனக் காப்பீட்டு ஆய்வில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் அமையும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் 4ஆம் உட்பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

டேங்கின் கொள்ளளவு ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) எழுதப்படுவதில்லையே, பிறகு எப்படி அது மாற்றமாகும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. 52ஆம் பிரிவின் விளக்கமே வண்டியின் அடிப்படைத் தன்மை மாறும்படி கட்டமைப்பில் செய்யப்படும் மாற்றத்தைத்தான் மாற்றம் என்கிறது. ஆனால் நிரந்தரமாக வெல்டிங் செய்த டேங்க் வண்டியின் வெற்று எடையைக் கூட்டுகிறது, அந்த எடை ஆர்.சி.யில் இருக்கிறது. எரிபொருள் லைனில் வெளியிலிருந்து ஓர் இணைப்பும் வந்துவிடுகிறது. இதை ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் கண்டுகொள்ளாமல் விடலாம், அடுத்த ஆண்டு வருபவர் எஃப்.சி.யை நிறுத்திவைக்கலாம். எனவே பொருத்துவதாக இருந்தால், வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் பதில் பெற்ற பிறகே பட்டறைக்குப் போங்கள். வாய்மொழியாகச் சொன்ன சம்மதம் விபத்து நடந்த மறுநாள் எந்தக் கோப்பிலும் இருக்காது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். வண்டி தீப்பிடித்த இழப்பீட்டுக் கோரிக்கைகளில் நாங்கள் முதலில் தேடுவதே பின்னால் சேர்த்த வயரையும் குழாயையும்தான். தீ எங்கே தொடங்கியது என்று தெரியாத நிலையில் அறிவிக்கப்படாத ஒரு டேங்க் கண்ணில் பட்டுவிட்டால், மறுப்பதற்கு வேறு காரணம் தேவைப்படாது.

வண்டியின் எஞ்சினோடு எந்த இணைப்பும் இல்லாமல், கட்டி வைத்து இறக்கக்கூடிய தொட்டியில் டீசல் கொண்டுபோவது வேறு விஷயம். அங்கே அந்தத் தொட்டி ஒரு சரக்கு, அவ்வளவே. 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, டீசல் அடங்கும் பி வகுப்புப் பெட்ரோலியத்தை ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமலும், எந்தக் கலனும் 1,000 லிட்டர் கொள்ளளவுக்கு மேற்படாமலும் வைத்திருக்கவும் கொண்டுபோகவும் உரிமம் தேவையில்லை என்கிறது. உங்கள் 100 லிட்டர் அதற்குள் எளிதாக அடங்கும். இந்தச் சலுகை பெட்ரோலுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூக்கையூர் லோடு:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. செங்கோட்டைக் கணக்கைப் பார்த்த பிறகு வண்டிக்கென்று டேங்க் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மைத்துனரின் வல்லத்துக்கு மட்டும், சர்வேயர் ஐயா சொன்னபடி இறக்கி ஏற்றக்கூடிய தொட்டி ஒன்றைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதை எதில் வாங்குவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இன்னொன்று: வல்லத்துக்கு அரசு தரும் வரி விலக்கு டீசலையும் இதே தொட்டியில் வாங்கி வரலாமா?

பாம்பன் வல்லம்:

மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் ஒரே தொட்டி என்பதில்தான் வம்பு வரும். வரி விலக்கு டீசல் படகின் பேரில், பதிவேட்டில் எழுதிக் கொடுக்கப்படுவது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தபடி, நாட்டுப்படகுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டராக இருந்தது 4,400 ஆகவும், விசைப்படகுக்கு 18,000 லிட்டர் 19,000 ஆகவும் உயர்ந்தன. அந்த அளவு கடலில் எரிப்பதற்கென்று கணக்கிட்டது. அதில் ஒரு லிட்டர் உங்கள் பிக்கப்புக்குள் போனாலும் முறைகேடுதான். எஞ்சினோடு இணைந்த டேங்காக இருந்திருந்தால், போகவில்லை என்று உங்களால் நிரூபிக்கவே முடிந்திருக்காது. தனித் தொட்டி என்பதால் அந்தத் தலைவலி பாதி குறைகிறது. மீதிப் பாதிக்கு, விற்பனை நிலையத்தில் தரும் ரசீதும் படகின் பதிவுப் புத்தக நகலும் தொட்டியோடு வண்டியில் இருக்கட்டும். நம் கடற்கரையில் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் சுங்கத் துறையும் வண்டிகளை நிறுத்திப் பார்ப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இலங்கை இவ்வளவு அருகில் இருக்கும்போது, கேபினுக்குப் பின்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டி ஒன்று இருந்தால் திறந்து காட்டச் சொல்லத்தான் செய்வார்கள். மூடியைத் திறந்தால் அடி வரை தெரியும் தொட்டியாக இருப்பது உங்களுக்கே நல்லது.

தொட்டியை எதில் வாங்குவது என்பதற்கு வருகிறேன். பட்டறைக்காரர் கடலை விட்டுத் தள்ளி இருப்பவர் என்பதால் உப்பை அவ்வளவாகச் சொல்லவில்லை. காற்றில் வரும் உப்பைவிட ஐஸ் உருகி மீனோடு வடியும் தண்ணீர்தான் உங்கள் வண்டிக்கு எமன். பிக்கப்பின் முன்சுவரும் பாடித் தளமும் சேரும் மூலையை ஒரு முறை குனிந்து பாருங்கள். பெயிண்ட் கொப்பளித்து நிற்கும், விரலால் சுண்டினால் செதில் செதிலாக உதிரும், அதன் கீழே தகடு ஏற்கெனவே பழுப்பாகி இருக்கும். அந்த மூலையில் இரும்புத் தொட்டியை வைத்து வார் போட்டு இறுக்கினால், வாருக்கும் தகட்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் தங்கி, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முதலில் ஓட்டை விழும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அந்த இடுக்கில் குண்டூசித் துளை போலக் குழி விடும். 316 அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். படகுத் தொட்டிகளுக்குப் பயன்படும் 5083 ரக அலுமினியம் நல்ல பொருள்தான். ஆனால் இரும்புப் போல்ட்டும் இரும்புச் சட்டமும் அதை நேராகத் தொட்டால், உப்பு ஈரத்தில் இரண்டுக்கும் நடுவே மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் ரப்பர் ஷீட் வைக்கலாம் என்பார்கள். நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் எதையும் வைக்காதீர்கள், நைலான் பட்டை வைத்து அடியில் காற்றோட்டம் விடுங்கள்.

100 லிட்டருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. டீசலுக்கென்றே தடித்த பாலித்தீனில் ஒரே வார்ப்பாகச் செய்து, வெயிலைத் தாங்கும்படி தயாரித்த தொட்டிகள் கிடைக்கின்றன. துருவும் இல்லை, கசியும்படி இணைப்பும் இல்லை. தண்ணீர் வைக்கும் சின்டெக்ஸ் தொட்டியை இதற்கு எடுத்துவிட வேண்டாம். அதன் மூடியும் குழாய் வாயும் டீசலைப் பிடித்து நிறுத்தாது.

மீனையும் டீசலையும் ஒரே பாடியில் ஒன்றாக ஏற்றாதீர்கள் என்பதை யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். தொட்டியின் மூடியோரம் கசிந்த துளி, தளத்தில் ஓடும் ஐஸ் தண்ணீரில் கலந்தால் பின்கதவின் கீழே வானவில் நிறத்தில் ஒரு படலம் வடியும். அந்த வாடை பெட்டிக்குள் போய்விட்டால் கொல்லத்தில் ஏலக்காரர் மூடியைத் திறந்த கையோடு மூடிவிடுவார். கொல்லம் போகும் நாளில் தொட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

பரமக்குடி பட்டறை:

உப்புக் கதையைப் பாம்பன்காரர் சொல்வதே முறை. தனித் தொட்டி என்று ஆன பிறகு என் வேலை மிகவும் சுருங்கிவிட்டது. 12 வோல்ட் பம்ப் வேண்டாம், கையால் சுற்றும் ரோட்டரி பம்ப் போதும். வண்டியின் பேட்டரியிலிருந்து ஒரு வயர்கூட வெளியே வராது, சர்வேயர் ஐயா தேடும் பொருளும் அங்கே இருக்காது. பம்பின் உறிஞ்சும் குழாயைத் தொட்டியின் அடி வரை விடாமல் நான்கு விரல் உயரத்தில் நிறுத்துங்கள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில், பாதி காலியாகக் கிடக்கும் தொட்டிக்குள் இரவில் ஈரம் படிந்து தண்ணீராக அடியில் இறங்கும். டீசலைவிடக் கனமான அந்தத் தண்ணீர் வல்லத்து எஞ்சினுக்குப் போகக்கூடாது. அடியில் வடிகால் திருகு இருக்கும் தொட்டியாகப் பார்த்து வாங்கி, வாரம் ஒரு முறை கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் கீழே தனிக்கோடாகத் தெரியும்.

கட்டுவதற்குக் கயிறு வேண்டாம். ராட்செட் வார் (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் வார்) இரண்டு போட்டு, வாரின் கொக்கிகளைப் பாடியின் பக்கத் தகட்டில் மாட்டாமல் தளத்துக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தோடு போல்ட் போட்ட வளையத்தில் மாட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் லோடு குறைந்து வண்டி சும்மா நிற்கும், மைத்துனரின் வல்லம் மட்டும் ஓடும். அந்த இரண்டு மாதமும் தொட்டியைக் கரையிலேயே நிழலில் வைத்துக்கொள்ளலாம். மிச்சம் இருக்கும் டீசலை அடுத்த பருவத்துக்கு என்று சேர்த்து வைக்காமல் அவ்வப்போது தீர்த்துவிடச் சொல்லுங்கள்.